பழைய ஜிப்ஸிக்கு ஹெடர் மாட்டப் போகிறீர்களா?

மாருதி ஜிப்ஸியின் பானெட்டைத் திறந்து இன்ஜினின் பக்கவாட்டில் பார்த்தால், தகரக் கவசத்துக்குப் பின்னால் துருப்பிடித்த வார்ப்பிரும்புத் துண்டு ஒன்று தெரியும். நாலு சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்த்துக் கீழே சைலன்சர் குழாய்க்கு அனுப்புகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதுதான். அதைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனிக் குழாய் வளைத்துச் செய்ததை மாட்டினால் அதற்குப் பெயர் ஹெடர்.

என்னுடைய வண்டி 2004 மாடல், கைமாறி வாங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கும். ஐந்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் நின்றுவிடும். டாப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். மேனிஃபோல்டில் முடி போல ஒரு விரிசல் இருந்திருக்கிறது. குளிர்ந்தால் திறக்கும், சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும். அதை மாற்ற வேண்டிய நேரத்தில்தான் ஹெடர் போட முடிவு செய்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு காரணம் இருந்தால் இந்த வேலை நல்ல வேலை. சத்தத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பதே என் கருத்து. சத்தத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சைலன்சர்தான், ஹெடர் அல்ல.

ஜிப்ஸி 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினோடு வந்தது. 1996-ல் 1298 சிசி வந்தது, முதலில் கார்புரேட்டருடன். 2000-க்குப் பிறகு அதே கொள்ளளவில் 16 வால்வு எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும் முறை. இங்கே சொல்வதெல்லாம் இந்த 1298 சிசி வண்டிகளை மனதில் வைத்து. எம்பிஎஃப்ஐ இன்ஜினின் அதிகபட்ச டார்க், அதாவது சுழற்றும் விசை, 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 ஆர்பிஎம்மில்தான் (நிமிடத்துக்கு 4500 சுற்று) கிடைக்கிறது. ஆனால் நாம் கல்லிலும் சேற்றிலும் லோ கியரில் ஏறும்போது 1500-லிருந்து 2500 வரைதான் ஓட்டுகிறோம். இந்த இடைவெளியில் கொஞ்சம் உதவுகிற ஹெடரைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் வேலை.

முதலில் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே, சாலையில் ஓட்டும் வண்டி என்றால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். கம்பெனி சைலன்சரையும் மாற்றாதீர்கள். இந்த இரண்டும் இருந்தால் சத்தமும் புகையும் பழைய அளவிலேயே நிற்கும், மாசுச் சான்றிதழ் எடுக்கும்போதும் சிக்கல் வராது. கழற்றிய பழைய மேனிஃபோல்டு விரிசல் இல்லாமல் நன்றாக இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும்போது அது தேவைப்படலாம்.

எந்த ஹெடர்?

கடையில் இரண்டு வடிவம் காட்டுவார்கள். நாலு குழாயும் ஒரே இடத்தில் சேர்வது 4-1. நாலும் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, அந்த இரண்டும் பிறகு ஒன்றாவது 4-2-1. காட்டுப் பாதைக்கும் மேட்டுக்கும் ஓட்டுபவர் என்றால் யோசிக்காமல் 4-2-1 வாங்குங்கள். காரணம் இதுதான். இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 180 டிகிரி சுற்றுகிறது. ஆகவே 1-ம் 4-ம் ஒன்றுக்கொன்று 360 டிகிரி தள்ளி இருக்கின்றன, 2-ம் 3-ம் அப்படியே. இந்த ஜோடிகளைச் சேர்த்தால் ஒரு குழாயில் புகை வெளியேறும்போது அதன் ஜோடி குறுக்கே வராது. முன்னே போன புகை தன் பின்னால் விடும் இழுவை, அடுத்த சிலிண்டர் காலியாக உதவும். குறைந்த வேகத்தில் இதன் பலன் தெரியும். 4-1 மேல் ஆர்பிஎம்முக்கு நல்லது, பந்தயத்துக்குப் பொருந்தும்.

வாங்கும்போது குழாய்களை விரலால் தொடர்ந்துகொண்டே போய்ப் பாருங்கள். 1-ம் 4-ம் சேர்கிறதா, 2-ம் 3-ம் சேர்கிறதா? இடம் பற்றவில்லை என்று 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துப் பற்றவைத்த ஹெடரை நான் பார்த்திருக்கிறேன். அது பெயருக்குத்தான் 4-2-1.

குழாய் பெரிதாக இருந்தால் சக்தி கூடும் என்பது தவறான எண்ணம். இந்தச் சின்ன இன்ஜினுக்கு முதல் குழாய்கள் ஒன்றரை இஞ்சைத் தாண்ட வேண்டாம். பெரிதானால் புகையின் வேகம் குறைந்து, நமக்கு வேண்டிய குறைந்த ஆர்பிஎம் டார்க்தான் முதலில் போகும். சிலிண்டர் ஹெட்டில் (இன்ஜினின் மேல் பகுதி) உட்காரும் ஃபிளாஞ்சு தகடு 8 மில்லியாவது இருக்கட்டும், 10 என்றால் இன்னும் நல்லது. மெல்லிய தகடு சூட்டில் வாழை இலை போலச் சுருண்டு லீக் ஆகும். குழாய்ச் சுவர் 1.5 மில்லிக்குக் குறைய வேண்டாம்.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று சொல்லி விற்பதில் 304 கிரேடும் உண்டு, 202-ம் உண்டு. 304 துருவையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 202-லும் காந்தம் சரியாக ஒட்டாது, கார் கம்பெனிகளே பயன்படுத்தும் 409-ல் நன்றாக ஒட்டும். பில்லில் கிரேடை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். சாதா எஃகிலும் நல்ல ஹெடர் உண்டு. விலை குறைவு, எங்கே உடைந்தாலும் பற்றவைக்கலாம், ஆனால் சூடு தாங்கும் பெயிண்ட் அடித்துப் பராமரிக்க வேண்டும்.

எம்பிஎஃப்ஐ வண்டி என்றால் புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கான மரை வைத்த வளையம் ஹெடரில் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவான அளவு 18 மில்லி, 1.5 பிட்ச் (மரை இடைவெளி). உங்கள் சென்சாரைக் கையோடு கொண்டுபோய்த் திருகிப் பார்ப்பது நல்லது. அந்த வளையம் குழாயின் மேல் பாதியில் இருக்க வேண்டும். கீழே இருந்தால் குளிரும்போது குழாய்க்குள் சேரும் நீர் சென்சாரில் விழும். இன்ஜினிலிருந்து வெகுதூரம் தள்ளியும் இருக்கக்கூடாது. 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் சென்சார் வேலை செய்யத் தொடங்கும்.

ஒரு வாரம் முன்பே ஆரம்பியுங்கள்

இந்த வேலையில் கஷ்டம் புதியதை மாட்டுவதில் இல்லை. இருபது வருடமாகச் சூட்டிலும் மழையிலும் வெந்த பழைய நட்டுகளை, ஸ்டட் (ஹெட்டில் திருகியிருக்கும் தலையில்லாத போல்ட்) உடையாமல் கழற்றுவதில் இருக்கிறது. ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. உள்ளே ஒடிந்தால் அரை நாள் வேலை ஒரு வாரம் ஆகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் முந்தைய திங்களிலிருந்தே தினமும் மாலையில் இன்ஜின் ஆறிய பிறகு ஒவ்வொரு நட்டின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். மறுநாள் வண்டி ஓடும்போது சூடேறி, ஆறும்போது எண்ணெயை மரைக்குள் இழுத்துக்கொள்ளும். ஓட்டுவதற்கு முன் வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், சூட்டில் புகையும்.

இந்த ஒரு வாரத்தில் புதிய கேஸ்கெட் (இணைப்பில் லீக் வராமல் நடுவில் வைப்பது), ஹெட்டுக்கும் கீழ் இணைப்புக்கும் இரண்டும், புதிய ஸ்டட், புதிய நட்டு எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். பட்டறையில் கேஸ்கெட்டைப் பேக்கிங் என்பார்கள். ஹார்டுவேர் கடை போல்ட்டை வெட்டி ஸ்டட்டாகப் போடாதீர்கள், அந்தச் சூட்டுக்கு அது நிற்காது. இன்ஜின் மவுண்டிங் ரப்பரையும் இப்போதே பாருங்கள். வெடித்து நசுங்கியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஆடுகிற இன்ஜின் எந்த ஹெடரையும் உடைத்துவிடும்.

கழற்றுவது

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். வழியில் இருக்கும் ஏர் பைப், தகரக் கவசம் எல்லாம் எடுத்துவிடுங்கள். சென்சார் வயரின் இணைப்பைப் பிரித்துவிட்டு, சென்சாரை மேனிஃபோல்டோடேயே விட்டுவைத்து வெளியே வந்த பிறகு கழற்றலாம்.

அடுத்து மேனிஃபோல்டும் சைலன்சர் குழாயும் சேரும் கீழ் இணைப்பு. இங்கேதான் துரு அதிகம். இந்த நட்டுகள் வரவில்லை என்றால் ஹாக்ஸாவால் அறுத்துவிடலாம், நஷ்டமில்லை. ஹெட் பக்கம் அந்தச் சலுகை கிடையாது.

ஹெட் நட்டுகளுக்குப் பெரும்பாலும் 12 நம்பர் பொருந்தும். அறுபட்டைப் பாக்ஸ் ஸ்பேனர் போடுங்கள், பன்னிரண்டு பட்டை நட்டின் மூலையை வழித்துவிடும். முதலில் கழற்றும் பக்கம் போகாமல் இறுக்கும் பக்கம் மிக லேசாக ஒரு தள்ளு தள்ளுங்கள். பிறகு எதிர்ப்பக்கம். இந்த இடத்தில் காதையும் கையையும் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். சரியாக வரும் நட்டு "டிக்" என்று ஒரு சத்தம் கொடுத்து விடும். உடையப் போகும் ஸ்டட் சத்தமே போடாது. ஸ்பேனர் மெல்ல நகரும், ரப்பரைத் திருகுவது போல இருக்கும், கையை எடுத்தால் பின்னால் திரும்பும். அப்படித் தெரிந்த நொடியே நிறுத்திவிடுங்கள். எண்ணெய் அடித்து, முன்னும் பின்னுமாகக் கால் சுற்று கால் சுற்றாக ஆட்டி எடுங்கள். தேவைப்பட்டால் நட்டை மட்டும் சூடு காட்டலாம். அதற்கு முன் எண்ணெயைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் பெட்ரோல் குழாய் இல்லை என்று பார்த்து, தீயணைப்பானைக் கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். மேனிஃபோல்டு கனமானது, கையில் பிடித்துக்கொண்டுதான் கடைசி நட்டை எடுக்க வேண்டும்.

எனக்குக் கடைசிச் சிலிண்டரின் கீழ் ஸ்டட் உடைந்தது. நல்லவேளை, நாலு மில்லி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ட்ரில் போடலாம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். வேறொரு வண்டிக்கு ஒரு பட்டறையில் கை ட்ரில் போட்டு, அது இரும்பை விட்டு வழுக்கி மென்மையான அலுமினியத்துக்குள் இறங்கியதை நான் நேரில் பார்த்தேன். ஹெட்டையே இறக்கி, துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போட்டுத்தான் அது சரியானது. நான் வெல்டரை வரவழைத்தேன். நீட்டிக்கொண்டிருந்த முனை மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாக இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்தார். சிவப்பு மறையும் வரை காத்திருந்து, ஸ்டட் ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தார். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது தெரிந்தது. பிறகு ஸ்பேனர் வைத்து ஆட்டினார். முதல் நட்டு பிய்ந்து வந்துவிட்டது. இரண்டாவது நட்டில் ஸ்டட் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வண்டியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியோடு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

உடையாத ஸ்டட்டுகளையும் மாற்றிவிடுவது என் வழக்கம். இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டைத் திருகினால் ஸ்டட் வந்துவிடும். வராமல் அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். மரை நன்றாக இருக்கும் பழைய ஸ்டட், ஒடிந்த ஸ்டட்டைவிட நூறு மடங்கு மேல்.

முகம் சுத்தம் செய்வது

திறந்திருக்கும் நாலு துளையிலும் சுத்தமான துணி அடைத்துவிடுங்கள். எத்தனை துணி வைத்தீர்களோ அந்த எண்ணிக்கையைப் பானெட்டில் சாக்பீஸால் எழுதி வையுங்கள், மாட்டும் முன் எண்ணி எடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பித்தளைத் தகடு அல்லது மரத்துண்டால் சுரண்டுங்கள். கிரைண்டர் வட்டு வேண்டாம், அலுமினியத்தில் குழி விழுந்தால் லீக் நிரந்தரம்.

இப்போது ஹெடரின் ஃபிளாஞ்சைப் பாருங்கள். புதியது என்று நம்பிவிடாதீர்கள். பற்றவைத்த சூட்டில் தகடு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். நேர்க்கோல் ஒன்றை நீளவாட்டில் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய இதழ்கள்) விடுங்கள். 0.2 மில்லி இதழ் எங்காவது நுழைந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் முகத்தைச் சமப்படுத்தி வாங்குங்கள். துளைகளின் உள்விளிம்பில் வெல்டிங் மணி பிதுங்கியிருந்தால் அரத்தால் ராவி எடுங்கள். பேக்கிங்கை ஹெட் மேலும் ஹெடர் மேலும் தனித்தனியாக வைத்து, துளையை மறைக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளோட்டம்

பேக்கிங் இல்லாமல் முதலில் ஒருமுறை மாட்டிப் பார்ப்பதை யாரும் தவிர்க்க வேண்டாம். ஒருவர் மேலிருந்தும் ஒருவர் கீழிருந்தும் பிடித்தால் சுலபம். விரலால் நாலு நட்டைப் போட்டுவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். ஸ்டார்ட்டர், ஸ்டீயரிங் தண்டு, கிளட்ச் கேபிள், பிரேக் பைப், வயரிங் இவற்றில் எதையாவது தொடுகிறதா?

இது ஃபோர் வீல் டிரைவ் வண்டி. சாதாரண காருக்கு இல்லாத ஒரு சோதனை இதற்கு உண்டு. முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரே இடத்தில் இருப்பதில்லை, ஆக்ஸில் ஏறி இறங்கும்போது கூடவே போகும். அதனால் ஸ்டாண்டைச் சேஸிஸுக்குக் கீழே வைத்து ஆக்ஸில் தொங்கும்போது ஒருமுறை, ஆக்ஸிலுக்குக் கீழே வைத்துப் பாரம் இறங்கும்போது ஒருமுறை என்று இரண்டு நிலையிலும் பாருங்கள். ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு கட்டைவிரல் அகலமாவது இடைவெளி வேண்டும். பிறகு மரச்சட்டத்தால் இன்ஜினை இரண்டு பக்கமும் நெம்பி ஆட்டிப் பாருங்கள், அப்போதும் எங்கும் இடிக்கக்கூடாது. இடித்தால் குழாயைச் சுத்தியலால் நசுக்காதீர்கள். திரும்பக் கொடுத்து வளைவை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அரை மீட்டர் நீளமுள்ள 304 குழாய் 500 டிகிரி சூடேறினால் நாலு மில்லிக்கு மேல் நீளும். அந்த நீட்சிக்கு இடம் இல்லையென்றால் வெல்டிங்கில்தான் விரிசல் விழும். ஹெடருக்கும் சைலன்சருக்கும் நடுவில் பின்னல் வைத்த ஃப்ளெக்ஸ் பைப் ஒன்று போட்டுவிடுங்கள்.

மாட்டுவது

துணிகளை எண்ணி எடுங்கள். புதிய ஸ்டட்டைக் கையால் திருகி, முடிவில் லேசாக மட்டும் இறுக்குங்கள். நட்டு உட்காரும் மரையில் மரை இறுகி ஒட்டாமல் காக்கும், செம்பு கலந்த ஆன்டி சீஸ் பசையைத் தொட்டு வையுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். பேக்கிங்குக்கு எந்தப் பசையும் வேண்டாம்.

ஹெடரை ஏற்றி எல்லா நட்டையும் கையால் போடுங்கள். கீழ் இணைப்பையும் தொங்கும் ரப்பர்களையும் தளர்வாக மாட்டுங்கள். எல்லாம் தானாகத் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். இழுத்துப் பிடித்துப் போல்ட் போட்ட குழாய் என்றாவது ஒருநாள் விரிசல் விடும். நடு நட்டில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் மாறிமாறிப் போங்கள். மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எட்டு மில்லி ஸ்டட்டுக்குக் கடைசியில் 20 நியூட்டன் மீட்டர் அளவு போதும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஒருவரிடம் இரவல் வாங்குங்கள், இதைக் கைக்கணக்கில் விடாதீர்கள். கடைசியாகக் கீழ் இணைப்பு, பிறகு ரப்பர்கள்.

முதல் ஸ்டார்ட்

வண்டியை வெளியே திறந்த இடத்தில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை மயக்கிவிடும். ஸ்டார்ட் செய்யும் முன் ஹெடர் முழுவதையும் தின்னர் தொட்ட துணியால் துடைத்து உலர விடுங்கள். எஸ்எஸ்ஸில் கைரேகை எண்ணெய் இருந்தால் சூட்டில் அப்படியே கறையாகப் பதிந்துவிடும். முதல் பத்து நிமிடம் கொஞ்சம் புகை வரும், எஞ்சிய எண்ணெய் எரிவதுதான், பயம் வேண்டாம்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே காது கொடுத்துக் கேளுங்கள். டிக் டிக் என்று வேகத்தோடு கூடும் சத்தம் லீக்கின் சத்தம். ஆறிய பிறகு சைலன்சர் வாயில் வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் செருகி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் லீக் உள்ள இடத்தில் நுரை பொங்கும். சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் சென்சாருக்கு முன்னால் லீக் இருந்தால் அங்கே வெளிக்காற்றும் உள்ளே நுழையும். சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், இசியூ அதிகமாக ஊற்றும். மைலேஜ் இறங்கிப் புகை வாசனை வந்தால் ஹெடரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியில் நேர்மாறு. புகை சுலபமாக வெளியேறுவதால் கலவை கொஞ்சம் மெலியலாம். இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் சரி. வெளுத்திருந்தால் கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு முழுதாக ஆற விட்டு எல்லா நட்டையும் அதே அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். புது பேக்கிங் ஒரு சூட்டில் அமுங்கிவிடும், கால் சுற்றாவது போகும். நூறு கிலோமீட்டரில் ஒருமுறை, ஐநூறில் ஒருமுறை.

சூடு, தண்ணீர், புல்

பழைய தகரக் கவசம் ஹெடருக்குப் பொருந்தாது. அலுமினியத் தகட்டில் புதிதாக ஒன்று வெட்டி, குழாயிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டு, வயரிங்குக்கும் கிளட்ச் கேபிளுக்கும் முன்னால் நிறுத்துங்கள். சிலர் கண்ணாடி நார் நாடாவைச் சுற்றச் சொல்வார்கள். ஓடையில் இறங்கும் வண்டிக்கு அது வேண்டாம். நனைந்த நாடா ஈரத்தைப் பிடித்து வைத்து, சாதா எஃகுக் குழாயை உள்ளுக்குள் அரித்துவிடும்.

வார்ப்பிரும்பைவிட ஹெடர் குழாய் மெல்லியது. மேடு ஏறி வந்த சூட்டோடு தண்ணீரில் இறக்காமல் ஐந்து நிமிடம் நின்று போங்கள். காய்ந்த புல் மேல் வண்டியை ஓடவிட்டு நிறுத்தாதீர்கள். இது கோடையில் உண்மையான தீ ஆபத்து.

வித்தியாசம் எவ்வளவு தெரியும் என்று கேட்பவர்களுக்கு, சில குதிரைத்திறன்தான். என் வண்டியில் எனக்குத் தெரிந்தது, முன்பு முதல் கியருக்கு இறக்க வேண்டியிருந்த ஒரு மண்மேட்டில் இப்போது இரண்டாவதிலேயே நிதானமாக ஏறுகிறது. காலையில் அந்த டக் டக் சத்தமும் இல்லை.

கழற்றிய நட்டுகளையும் தகரக் கவசத்தையும் ஒரு டப்பாவில் போட்டு எண்ணெய் தெளித்து, வண்டி நம்பர் எழுதி ஒட்டி மேலே எடுத்து வையுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் ஒரு டார்ச்சோடு கீழே படுத்து, ஜோடிக் குழாய்கள் சேரும் வெல்டிங்கைச் சுற்றிப் பாருங்கள். கரி போலக் கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே லீக் தொடங்கிவிட்டது. அப்போதே பற்றவைத்தால் அரை மணி நேர வேலைதான்.